வைரலான பாட்டுக்கு அடுத்த பாட்டை எழுதுவது எப்படி

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் பெங்களூரின் அலசூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பகுதிகளின் அம்மன் கோயில் மேடைகளில் பாடுகிறவர், இணையத்தில் ஏற்கெனவே பெயர் வாங்கியவராகவும் இருந்தால், ஒரு காட்சியைத் தவறாமல் பார்த்திருப்பார். கூட்டம் ‘அந்தப் பாட்டை’க் கேட்கிறது, பல்லவியை எடுத்ததும் கைப்பேசிகள் மேலே எழும்புகின்றன, அடுத்த கண்ணிக்குள் நுழைவதற்குள் அவை ஒவ்வொன்றாக இறங்கிவிடுகின்றன, ஏனென்றால் இணையத்தில் ஓடிய துண்டு அந்த இடத்தோடு முடிந்துபோனது. நான் 2019-ஆம் ஆண்டில் பாடிப் பதிவேற்றிய தாலாட்டு 38 விநாடிதான். பாட்டி பாடிய முழுத் தாலாட்டில் 11 கண்ணிகள் உண்டு. மீதிப் பத்தையும் மேடையில் பாடிய முதல் இரவில், மைதானத்தின் கடைசியில் வேர்க்கடலை வறுப்பவர் வாணலியைத் தட்டிய ஓசை என் காதுக்குத் தெளிவாகக் கேட்டது.

அந்த நிலையில் இருக்கும் பாடகருக்கு, அதுவும் தாமே எழுதிப் பாடுகிறவருக்கு, அடுத்த அடியை எப்படி எடுத்துவைப்பது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். ‘புதிதாக மாறுவது’ என்றவுடன் பலர் உடையை மாற்றுகிறார்கள், உறுமியை எடுத்துவிட்டு மின்கிதார் சேர்க்கிறார்கள், வேறோர் இசையமைப்பாளரைத் தேடுகிறார்கள். நானும் ஓராண்டு முழுவதும் அதைச் செய்து பார்த்தேன். பணம் செலவானதைத் தவிர மாற்றம் ஒன்றும் நிகழவில்லை. மாற வேண்டியது பாட்டின் மேற்பூச்சு அன்று, பாட்டுக்குள் இருப்பது யாருடைய வாழ்க்கை என்பதே என்று புரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு காலம் ஆயிற்று.

பழைய பாட்டைத் திரும்பக் கேளுங்கள்

முதல் வேலை கணக்கெடுப்பு. உங்கள் முதல் பாட்டில் கேட்டவர்களைப் பிடித்து நிறுத்தியது எது என்பதை ஊகிக்காமல் சான்றோடு பாருங்கள். யூடியூபில் உங்கள் காணொளி இன்னும் இருந்தால், அதன் ஸ்டூடியோ பக்கத்தில் கேட்பவர்கள் எந்த விநாடியில் விலகினார்கள், எந்த விநாடிக்குத் திரும்பிச் சென்று மறுபடி கேட்டார்கள் என்பதைக் காட்டும் கோட்டுப்படம் கிடைக்கும். டிக்டாக்கில் பெயர் பெற்றவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தபோது அவர்களுடைய கேட்போர் கூட்டமே ஓர் இரவில் இல்லாமல் போயிற்று. அப்படிப்பட்டவர்கள், வேறு இடங்களில் மறுபதிவாகச் சுற்றும் தங்கள் துண்டுகளின் கீழே மக்கள் கேட்டிருக்கும் கேள்விகளைப் படித்தாலே போதும். பாராட்டுகளைத் தள்ளிவிட்டுக் கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

என் நோட்டில் அதிகமாக வந்த கேள்வி, “‘சாப்டு’ன்னா என்னங்க?” என்பது. தாலாட்டின் வரி இது:

*சாப்டுக்குள்ள போன மாமன்*
*சங்கு ஊதி வந்திடுவார்*

என் பாட்டி கோலார் தங்கவயல்காரர். ‘சாப்டு’ என்பது ஷாஃப்ட், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி; ‘சங்கு’ என்பது வேலைநேரம் முடிந்ததை அறிவிக்கும் ஆலைச்சங்கு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. குரல் இனிமையாக இருந்ததால்தான் பாட்டு ஓடியது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில், தாலாட்டில் வழக்கமாக வரும் தங்கத்தொட்டிலுக்கு நடுவே தங்கம் தோண்டப்போன மனிதன் ஒருவன் வந்து நின்றதுதான் கேட்டவர்களை நிமிர்ந்து உட்காரவைத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல், அதற்குப் பின் நான் எழுதிய ஏழெட்டுப் பாட்டுகளிலும் நெல் வயலும் களத்துமேடும் ஒற்றையடிப் பாதையுமே வந்தன. நான் பிறந்தது பெங்களூர் நகரத்து ஈஜிபுராவில். வரப்பின் மேல் முதன்முதலாக நடந்தபோது எனக்கு வயது 23.

ஒப்பந்தத்தை வெளியே எடுங்கள்

எழுத உட்காரும் முன் காகிதங்களைச் சரிபார்த்துவிடுங்கள், இல்லையென்றால் பிற்பாடு இது கலையின் நடுவே வந்து உட்காரும். பாட்டு பரவிய வேகத்தில் ஓர் இசை நிறுவனம் நீட்டிய நான்கு பக்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். பின்னர் அதே தாலாட்டை நானே வேறுவிதமாகப் பாடி வெளியிட்டபோது, என் காணொளியின் மீதே அந்நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை வந்து விழுந்தது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நாம் நினைப்பதைவிட நமக்கு ஆதரவானது. உரிமையை மாற்றிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலவரை குறிப்பிடப்படவில்லை என்றால், 19-ஆம் பிரிவின்படி அது ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, அது காலாவதியாகிவிடும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒலிப்பதிவில் இடம்பெறும் பாடல்வரிகளையும் இசையையும் எழுதியவர், அதன் பயன்பாட்டுக்கான உரிமத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையைத் தம் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க இயலாது. அந்தத் தொகையை வசூலித்துத் தருவதற்கு 1969-இல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ் என்னும் சங்கம் இருக்கிறது; எழுதியவராகவும் இசையமைத்தவராகவும் அதில் உறுப்பினர் ஆகுங்கள்.

நாட்டுப்புறப் பாடகர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. பாட்டியின் தாலாட்டு யாருக்கும் தனிச்சொத்து அன்று. அதன் ஒலிப்பதிவு மட்டுமே, அதைத் தயாரித்தவருக்கு உரியது. ஆகவே அதே மரபுப்பாட்டை நீங்கள் மறுபடி பாடிப் பதிவு செய்யலாம், ‘இத்தனை ஆண்டுகளுக்கு மறுபதிவு செய்யக்கூடாது’ என்னும் வாசகம் உங்கள் ஒப்பந்தத்தில் இல்லாத வரையில். அந்த வாசகம் பெரும்பாலும் பணத்தொகைக்குக் கீழே, நாம் படிக்காத பத்தியில்தான் இருக்கும். நீங்கள் சேர்த்த கண்ணிகள் உங்களுடையவை. மரபுவரிகளை ‘எழுதியவர்’ என்று உங்கள் பெயரில் பதிந்துவிடாதீர்கள்.

பழைய மெட்டில் இன்றைய வேலை

இனி எழுதுவது. நான் சொல்லும் வழி இதுதான்: மெட்டையும் யாப்பையும் பழையதாகவே வைத்துக்கொண்டு, அதற்குள் நீங்கள் வாழும் ஊரின் வேலையைக் கொண்டுவாருங்கள். இது என் கண்டுபிடிப்பு அன்று. நாட்டுப்புறப் பாட்டு எப்போதும் பாடுகிறவரின் கைவேலையைத்தான் பாடியது. ஏற்றப்பாட்டு இறைத்த நீர்ச்சால்களை எண்ணியது, நடவுப்பாட்டு முதுகு குனிந்தவளின் மூச்சுக்கு ஏற்ப அடிகளைத் துண்டித்துக்கொண்டது. யாப்பும் அப்படியே இடம்மாறி வந்திருக்கிறது. குதிரை திருடப்போய்க் காலை இழந்தவன் தன் கதையைத் தானே சொல்லும் நொண்டி நாடகங்களுக்கு உரியதாக இருந்த நொண்டிச் சிந்தில்தான் பாரதி நாட்டின் நிலையை எண்ணிக் குமுறினார். காவடி எடுத்து நடந்தவர்களின் வழிநடை மெட்டைத்தான் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குச் சிந்தாக்கினார். வடிவத்துக்கு வெட்கமில்லை, எதை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு நடக்கும்.

பெங்களூரிலேயே இதற்கு மறுதிசையில் சென்ற முன்மாதிரியும் உண்டு. ரகு தீட்சித் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கன்னடக் கவியான சிசுநாள ஷரீஃபின் சொற்களை எடுத்துக்கொண்டு, கிதாரும் டிரம்ஸும் கொண்ட புதிய ஓசையில் பாடினார். அவருடைய குழுவின் முதல் தொகுப்பு 2008-இல் வந்தது. அங்கே சொல் பழையது, ஓசை புதியது. நான் பரிந்துரைப்பது ஓசை பழையது, சொல் புதியது. அவருடைய வழி தவறில்லை; ஆனால் அதற்கு ஒரு நல்ல இசைக்குழுவும் அதற்குச் சம்பளமும் வேண்டும், நம்முடைய வழிக்கு ஒரு நோட்டும் காலை நேரத்துப் பேருந்தும் போதும்.

செய்முறையைச் சொல்கிறேன். தமிழர்கள் செய்யும் வேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: விடியற்காலையில் தெருப்பெருக்கும் பௌரகார்மிகர்கள், இஸ்திரி வண்டி, மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் ரயிலேறி வேலைக்கு வந்து இரவில் திரும்பும் தங்கவயல்காரர்கள், எதுவாகவும் இருக்கலாம். குறைந்தது பத்து நாள் அங்கே போங்கள். முதல் மூன்று நாள் எதையும் எழுதாதீர்கள், பதிவும் செய்யாதீர்கள். கைப்பேசியைக் கண்டதும் மக்கள் பேட்டி கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வேலையின் தாளத்தை முதலில் பிடியுங்கள். இஸ்திரிப்பெட்டி போய்வருவதற்கு ஈரடி. துடைப்பத்துக்கு நீண்ட ஒரு வீச்சும் குறுகிய இரண்டு வீச்சும். பூத்தொடுப்பதற்கு மூன்று அசைவும் ஓர் இறுக்கமும். தாளம் பிடிபட்ட பிறகு அந்தத் தாளத்தில் உங்களுக்குத் தெரிந்த பழைய மெட்டு எது உட்கார்கிறது என்று முனகிப் பாருங்கள். கடைசியாகத்தான் சொல்.

நான் தேர்ந்தெடுத்தது கே.ஆர். மார்க்கெட். விடிவதற்கு வெகுநேரம் முன்பே அங்கே பூ வந்து இறங்கிவிடும். தமிழ்நாட்டுப் பக்கம் முழக்கணக்கில் வாங்கும் பூவை அங்கே ‘மாரு’க்கணக்கில் கேட்பார்கள், கன்னடத்தில் மாரு என்பது இரு கைகளையும் விரித்தால் கிடைக்கும் நீளம். தொடுத்த சரத்தை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து அளந்து போடும் ஓர் அம்மாவின் பக்கத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் என் முதல் வரைவைப் பாடிக்காட்டினேன்:

*உழைக்கிற கைகளுக்கு ஊருக்குள்ள மதிப்பில்ல*
*ஊருக்கெல்லாம் பூக்கொடுத்தும் ஒனக்கொரு பூவில்ல*

எதுகையும் மோனையும் பழுதில்லாமல் இருந்தன. அந்த அம்மா சரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “என்ன கண்ணு, மீட்டிங்ல பேசற மாதிரி இருக்கு. யாரு சொன்னாங்க எனக்குப் பூ இல்லன்னு? இந்தா, கைய மோந்து பாரு.” கையை நீட்டினார். மல்லிகை வாசனையோடு, நனைத்த வாழைநாரின் புளித்த வாடையும் அதில் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பேருந்திலேயே வரி மாறியது:

*அஞ்சுமணி மார்க்கெட்டுல அளந்துபோட்ட மல்லிகப்பூ*
*மாரளந்த கையிலதான் மணம்மட்டும் மிச்சமம்மா*

இரண்டு வரைவுகளுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதலாவதில் நான் அந்த அம்மாவுக்காகப் பேசுகிறேன். இரண்டாவதில் அவருடைய கை பேசுகிறது. ‘மாரளந்த’ என்னும் சொல்லில் கன்னட அளவையும் தமிழ் மார்பும் தாமாகவே ஒட்டிக்கொண்டன, அதை நான் திட்டமிடவில்லை. இந்த நகரத் தமிழில் கன்னடச் சொற்கள் கலந்திருப்பதைக் குறையாக நினைத்துத் தூய்மைப்படுத்தாதீர்கள்; வேடிக்கைக்காகக் கூட்டியும் வைக்காதீர்கள். வேலைசெய்யும் இடத்தில் அந்தச் சொல் வழங்கினால் பாட்டிலும் இருக்கட்டும்.

யாருடைய வேலையைப் பாடுகிறோமோ அவரிடமே பாட்டை முதலில் பாடிக்காட்டுவது மரியாதைக்காக மட்டும் அன்று. நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பிழைதிருத்துநர் அவரே.

குரலும் கருவியும்

இணையத்தில் பரவிய துண்டுகளில் பெண்குரல்கள் பெரும்பாலும் இயல்புக்கு மேற்பட்ட சுருதியில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சின்ன ஒலிபெருக்கியில் கீச்சுக்குரல் எடுபடும் என்பதே காரணம். நான் ஆறு கட்டையில் பாடிக்கொண்டிருந்தேன். நாலரைக்கு இறங்கிய பிறகுதான், சொற்களைக் கடித்துப் பேசுவதுபோல் பாட முடிந்தது. மூன்று மாதம் பழகினேன். முதல் மாதத்தில் வீட்டில் இருப்பவர்களே சளிபிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள்.

கருவிகளைக் குறைத்துத் தொடங்குங்கள். உறுமி ஒன்று, அல்லது பறை ஒன்று. அரங்கத்துக்குள் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் ஒன்றை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: தோல்பறைக்குச் சூடு காட்ட வேண்டும், அரங்க நிர்வாகமோ உள்ளே தீ மூட்ட விடாது, குளிரூட்டிய அறையில் அரைமணி நேரத்தில் தோல் தளர்ந்துவிடும். வாசலிலேயே காய்ச்சிக்கொண்டு வந்து, பறை வரும் பாட்டுகளை முதல் அரைமணிக்குள் முடித்துக்கொள்வதே நாங்கள் கண்ட வழி.

மேடையிலும் வெளியீட்டிலும்

புதிய பாட்டுகளை முதலில் முப்பது பேருக்கு மேல் இல்லாத இடத்தில் பாடுங்கள்: மொட்டைமாடி, வாசகர் வட்டம், யாருடைய வீட்டு வளைகாப்பாவது. பல்லவியைக் கேட்டவுடன் முகம் மலர்வதைப் பார்க்காதீர்கள், மூன்றாம் கண்ணியில் யார் வேறுபக்கம் திரும்புகிறார் என்று பாருங்கள். அந்த இடத்தில்தான் பாட்டு தொய்கிறது.

பெரிய மேடையில் பழைய பாட்டைப் பாட மறுக்காதீர்கள். அது கேட்பவரை அவமதிப்பதாகும், வரும் வருமானத்தையும் கெடுக்கும். ஆனால் அதை வைக்கும் இடம் உங்கள் கையில் இருக்கிறது. முதலில் பாடினால் பாதிக்கூட்டம் கலைந்துவிடும். கடைசிக்கு ஒத்திவைத்தால் நடுவில் உள்ள எல்லாப் பாட்டுகளும் காத்திருப்பாக மாறிவிடும். நான் நான்காவதாகப் பாடுகிறேன், தாளம் இல்லாமல், 11 கண்ணிகளையும். அதற்கு அடுத்ததாகவே பூமார்க்கெட் பாட்டை எடுக்கிறேன், தாலாட்டில் தணிந்த காது அப்போது அதற்குத் தயாராக இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு என்பதால், விழாக்குழு உங்களை ஒன்பதரைக்கு மேடையேற்றினால் நீண்ட பாட்டுகளைத் துண்டிக்க நேரும். நேரத்தை முன்பணம் பேசும்போதே பேசிவிடுங்கள்.

வெளியீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பழைய கணக்கை அழிக்காதீர்கள், வேறு பெயரில் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். குறுங்காணொளிக்குப் பல்லவியைக் கொடுக்காமல் நான்காம் கண்ணியைக் கொடுங்கள்; அதற்காகத் தேடி வருபவர் முழுப்பாட்டையும் கேட்பார். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பணம் கணக்கிடப்படும்; எனவே பத்துப் பாட்டுகளை ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆள் சேர்வதற்கு இடம் கொடுங்கள். எண்ணிக்கை விழும். தாலாட்டைக் கேட்டவர்களில் நூற்றில் ஒருவர்கூடப் பூமார்க்கெட் பாட்டுக்கு வரவில்லை. ஆனால் வந்தவர்கள் கேட்கும் கேள்விகளின் தரம் வேறு, அந்தக் கேள்விகளையும் நோட்டில் எழுதி வருகிறேன்.

மேடையிலிருந்து இறங்கியதும் உடனே வண்டியேறிவிடாதீர்கள், கால்மணி நேரம் நில்லுங்கள். போன ஆடியில் மர்ஃபி டவுனில் நிகழ்ச்சி முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தங்கவயலின் சாம்பியன் ரீஃபில் பிறந்து வளர்ந்தவராம். “எல்லாம் சரியாப் பாடுனே, அந்த ஒரு எடந்தான் தப்பு. ‘வந்திடுவார்’ இல்லம்மா, ‘வந்தாத்தான்’” என்றார். அடுத்த அடியையும் அவரே மெல்லிய குரலில் பாடினார்:

*சாப்டுக்குள்ள போன மாமன் சங்கு ஊதி வந்தாத்தான்*
*சாமிக்கொரு வெளக்கேத்திச் சாதம் வடிக்கணும் கண்ணே*

பாட்டி அதை மாற்றிப் பாடினாரா, நான் தவறாகக் கேட்டேனா, தெரியவில்லை. இந்த இரண்டாம் அடி என்னுடைய பதினொன்றிலும் இல்லை. பாடுவதற்கு அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டேன், எந்தப் பெயரில் அறிவிப்பது என்றும் கேட்டேன். தன் பெயர் வேண்டாம், தன் அம்மாவின் பெயரைச் சொன்னால் போதும் என்றார். பேரன் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்ட, அந்தப் பெயரையும் தேதியையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.